காணிகள் காத்த பச்சிலை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் செல்லும் சாலை, கல்லாறு என்னும் சிற்றூரில் ஆற்றைப் பிரிந்து மேலேறத் தொடங்கி, 22 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு, கடல் மட்டத்துக்குச் சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியின் புல்வெளியை அடைகிறது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் மூடுபனியையும் குளிர்ந்த காற்றையும் அனுபவித்துவிட்டு அந்திக்குள் இறங்கிவிடுகின்றனர். அவர்கள் கண்டுகளித்த அதே மலைத்தொடரின் சரிவுகளில், பெருமரங்களின் நிழலுக்குக் கீழே, ஓடைக்கரையின் ஈரத்தில், முழங்கால் உயரத்தைக்கூட எட்டாத ஒரு சிறு பூண்டு வளர்கிறது என்பதையும், அந்தப் பூண்டை முன்னிட்டு எழுந்த ஒரு நியாயப் பிரச்சினை உலக நாடுகளின் சபைகளில் பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டது என்பதையும் அவர்களில் அறிந்தவர் சிலராகவே இருப்பர். அந்தப் பூண்டுக்கு ஆரோக்கியப்பச்சை என்று பெயர்.

பார்வைக்கு அதில் விசேஷம் ஒன்றும் புலப்படாது. மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேர்க்கிழங்கிலிருந்து மெல்லிய காம்புகள் கூட்டமாக எழும்புகின்றன; அவற்றின் நுனியில், பெரும்பாலும் இதய வடிவத்தில், சில இடங்களில் அதைவிட ஒடுங்கியும் நீண்டும், கரும்பச்சை நிறமுள்ள இலை விரிகிறது. இலை காம்போடு சேரும் இடத்தருகே, மண்ணை நோக்கித் தலைகவிழ்ந்தபடி, கருஞ்சிவப்பான சிறு பூக்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. குனிந்து இலையை விலக்கிப் பார்த்தாலன்றி அவை கண்ணில் படா. பின்னர் அவ்விடத்தில் முப்பட்டையாக, பக்கங்களில் இறகு போன்ற விளிம்புகளோடு, ஒரு காய் உண்டாகிறது. தாவர சாஸ்திரிகள் இதை வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்ததென்று வகுத்து, டிரைகோபஸ் ஜெய்லானிகஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேர்ட்னர் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இதை வர்ணித்துவிட்டார். நம் தென்மலைகளில் வளரும் உபவகைக்குத் திருவிதாங்கூரின் பெயரே அடைமொழியாகச் சேர்ந்தது. ஆயினும், பெயரிட்டு வர்ணித்து உலர்த்தி ஏட்டில் ஒட்டி வைத்தவர்களுக்கு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அதன் பிரயோஜனம் இன்னதென்று தெரியாமலே இருந்தது. தெரிந்திருந்தவர்கள் காணிக்காரர்கள்.

அகத்தியர் தவம் புரிந்த பொதிகை என்று நாம் போற்றும் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையையும் அதனைச் சூழ்ந்த காடுகளையும் தலைமுறை தலைமுறையாக வாசஸ்தலமாகக் கொண்டவர்கள் இந்தக் காணிகள். ஈற்றையால் குடில் கட்டி, தேன் எடுத்து, மரச்சீனியும் தினைவகைகளும் பயிரிட்டு, தமிழும் மலையாளமும் கலந்த தங்களுக்கே உரிய மொழியைப் பேசி வாழ்ந்த அச்சமுதாயத்தில், ஊர்க் காரியங்களை நடத்த மூட்டுக்காணி என்னும் தலைவரும், நோயையும் தெய்வத்தையும் கவனிக்கப் பிலாத்தி என்னும் வைத்தியரும் இருந்தனர். பல்வெட்டுகள் கொண்ட இரும்புக் குழலாகிய கொக்கரையைச் சிறு கம்பியால் உரசி ஒலியெழுப்பிக்கொண்டு, இரவு முழுவதும் சாற்றுப்பாட்டுப் பாடி நோயாளிக்குத் தெம்பூட்டுகிற பிலாத்தியிடமே மூலிகைகளின் மர்மங்கள் அடங்கியிருந்தன. எந்த இலையை எப்பருவத்தில் பறிப்பது, எந்த வேரைத் தொடக்கூடாது, எதை அந்நியருக்குச் சொல்லக்கூடாது என்பவையெல்லாம் அந்த ஞானத்தின் பகுதிகள். சொல்லக்கூடாது என்ற விதியைக் கஞ்சத்தனம் என்று நினைப்பது பெரும் பிழை. காட்டில் ஒரு பூண்டின் இருப்பிடம் ஊரறியப் பரவினால் அந்தப் பூண்டு சில பருவங்களுக்குள் அற்றுப்போகும் என்பதை அநுபவத்தால் உணர்ந்தவர்கள் விதித்த காவல் அது.

அந்தக் காவல் தளர்ந்த நாள் ஒன்று உண்டு. 1987 டிசம்பரில், பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுப்பதற்காக மத்திய அரசு நடத்திவந்த திட்டத்தின் சார்பில், அதன் தலைமையாளர் பி. புஷ்பாங்கதனும் எஸ். ராஜசேகரன் முதலிய ஆய்வாளர்களும் அகத்தியர் மலைக் காடுகளில் ஏறினார்கள். வழிகாட்டிகளாக உடன் சென்றவர்கள் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி போன்ற காணி இளைஞர்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கிற்று, கால்கள் துவண்டன. ஆனால் சுமையோடு முன்னே நடந்த வழிகாட்டிகளோ, இடையிடையே மடியிலிருந்து ஏதோ ஒரு காயை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டு, களைப்பின் சுவடே இல்லாமல் நடந்தார்கள். அதைக் கண்ட விருந்தினர் தாமும் அக்காயைக் கேட்டு வாங்கித் தின்ன, சிறிது நேரத்தில் உடம்பில் புதிய தெம்பு ஊறியதை உணர்ந்தார்கள். இது எந்தச் செடியின் காய் என்று கேட்டபோது இளைஞர்கள் முதலில் வாய் திறக்கவில்லை. முன்னோர் மறைத்துக் காத்ததை வெளியாரிடம் சொல்வது தகாது என்று தயங்கினார்கள். தவறான வழியில் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துக் கேட்ட பின்னரே, அவர்கள் அந்தப் பூண்டைக் காட்டினார்கள். இந்த வரலாற்றில் பிறகு நிகழ்ந்த எல்லாவற்றையும் அந்த வாக்கை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் துணிபு.

காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மாதிரிகள் ஆய்வுக்கூடத்தில் பரீக்ஷிக்கப்பட்டன. காயும் விதையும் தின்ற சுண்டெலிகள் நீரில் நீந்தவிடப்பட்டபோது, தின்னாதவற்றைக் காட்டிலும் நெடுநேரம் சோர்வின்றி நீந்தின என்று 1980களின் முடிவில் ஆய்வுரைகள் வெளிவந்தன. அதனைத் தொடர்ந்து, களைப்பைப் போக்குவதோடு ஈரலைக் காப்பதும் உடம்பின் எதிர்ப்பு சக்தியை வளர்ப்பதும் இதன் குணங்கள் என்று விலங்குகளின்மேல் நடத்திய சோதனைகள் காட்டின. எலியின் உடம்பில் கண்டது மனிதனுடைய உடம்புக்கு அப்படியே சான்றாகிவிடாது என்பதை வாசகர் நினைவில் வைத்தல் நலம். ஆயினும், சீனத்தாரும் கொரியரும் ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடும் ஜின்செங் வேருக்கு நிகராகத் தென்னாட்டு மலையிலும் ஒன்று உண்டு என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடையே உற்சாகத்தைக் கிளப்பிற்று. காணிகள் தின்றது காயை. ஆனால் காய் அருமையாகக் கிடைப்பது, இலையோ பறிக்கப் பறிக்கத் துளிர்ப்பது. ஆகவே ஆய்வாளர்கள் இலையில் பிரயோஜனம் தேடி, அதிலும் மருந்துச் சத்து உண்டென்று கண்டார்கள்.

பொன்முடிக்கு அண்மையில், பாலோடு என்னும் ஊரில், 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் — இப்போது ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்பது — இந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. ஆரோக்கியப்பச்சையின் இலையோடு அமுக்கராவும் திப்பிலியும் விஷ்ணுகிராந்தியும் சேர்த்து, 'ஜீவனி' என்னும் சத்து மருந்து அங்கே உருவாயிற்று. 1995இல் அதைத் தயாரித்து விற்கும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்தியப் பார்மசிக்கு ஏழாண்டுக் காலத்துக்கு அளிக்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், அதன்மேல் விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் உரிமைப்பங்கு. அந்தத் தொகையிலும் பங்கிலும் சரிபாதி காணிகளைச் சேர வேண்டும் என்று ஆராய்ச்சி நிலையம் தானாகவே தீர்மானித்தது. அக்காலத்தில் அப்படிக் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை, மரபறிவால் வரும் பலனை நியாயமாகப் பகிர வேண்டும் என்ற தத்துவத்தைச் சொல்லியிருந்தது. அதை நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் எங்குமே அரியர். சட்டம் பிறக்குமுன் தர்மம் முந்திக்கொண்ட இந்தச் செயலைப் பாராட்டாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை காண இரண்டாண்டுகள் ஆயின. 1997 நவம்பரில் கேரளக் காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999 பிப்ரவரியில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகை அதன் கணக்குக்குச் சென்றது. காணிகளின் பொதுக்காரியங்களுக்கு ஒரு மண்டபமும், குடியிருப்புகளிலிருந்து வெளியே போய்வர ஒரு வண்டியும் அந்தப் பணத்தால் கிடைத்த நன்மைகளில் அடங்கும். தொகை சிறிது. ஆனால், தங்களுடைய அறிவுக்கு விலை உண்டு என்றும் அந்த விலையில் பங்கு கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும் ஒரு மலைச் சமுதாயம் உணர்ந்ததைத் தொகையால் அளவிடலாகாது.

இனிப் பயிரிடும் விஷயத்துக்கு வருவோம். சிக்கலெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஐரோப்பியர் சேஜ் என்று அழைக்கும் மூலிகையை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது விஷயத்தைத் தெளிவாக்கும். மத்தியதரைக் கடற்கரையின் சுண்ணாம்புப் பாறைகளில், நல்ல வெயிலில், வறண்ட மண்ணில் பிறந்த அந்தச் செடியைத் தொண்டைப்புண்ணுக்குக் கொப்பளிக்கவும், செரிமானத்துக்குக் கஷாயமாகவும், இறைச்சியில் வாசனைக்காகவும் பயன்படுத்திய மக்கள், கன்னியர் மடங்களிலும் துறவியர் மடங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வளர்த்தார்கள்; கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில் சார்லமேன் சக்கரவர்த்தியின் அரண்மனைப் பண்ணைகளில் இன்னின்ன செடிகள் பயிராக வேண்டும் என்று வெளியான கட்டளையிலும் அது இடம்பெற்றது. ஒரு கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். வடிகால் நன்றாயிருந்தால் தாய்நாட்டை விட்டு எத்தனையோ தேசங்களிலும் செழிக்கும். பொன்முடியில் இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஈரத்தில் அதைத் திறந்த நிலத்தில் வைத்தால் வேர் அழுகிவிடும். தொட்டியில், மழை படாத இடத்தில் வைத்து வளர்க்கலாம். ஆரோக்கியப்பச்சையின் ஸ்வபாவமோ இதற்கு நேர் எதிரானது. வெயில் அதற்கு ஆகாது; இலைமக்கு நிறைந்த, என்றும் நனைந்திருக்கும், ஆனால் நீர் தேங்காத காட்டு மண்ணும், மேலே விதானமாக மூடிய மரக்கூட்டமும் வேண்டும். வேர்க்கிழங்கைப் பிரித்து நட்டும், விதையிட்டும், ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையிலும் செடியைப் பெருக்கலாம் என்று பாலோட்டில் கண்டறிந்தார்கள். ஆனால் வேறோரிடத்தில் அது இலைவிட்டு நிற்பது ஒன்று, மருந்தாகப் பயன்படுவது வேறொன்று. தன் இயற்கையான இருப்பிடத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளர்கிற செடியிலேதான் மருந்துச் சத்து போதிய அளவில் உண்டாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த முடிவின் பொருளை நிதானமாக ஆலோசித்துப் பார்க்க வேண்டும். சேஜைப் போல ஒரு மூலிகையை அதன் மண்ணினின்றும் மக்களினின்றும் பிரித்தெடுத்துப் பெரும் பண்ணையில் பயிராக்க முடிந்தால், அதைக் காட்டிக்கொடுத்தவர்களை மறந்துவிடுவதும் எளிது. ஆரோக்கியப்பச்சை அப்படிப் பிரிவதற்கு இசையவில்லை. அது மருந்தாக வேண்டுமானால் காடு வேண்டும். காட்டுக்குள் பயிராக வேண்டுமானால் காட்டில் வாழ்கிறவர்கள் வேண்டும். ஆகையால் காணிகளுக்குப் பங்கு கொடுப்பது தயவு என்றும் தானம் என்றும் எண்ணுவது பொருந்தாது. அந்த மூலிகையின் சாகுபடிக்கே அது இன்றியமையாத நிபந்தனை.

அந்த நிபந்தனையைத்தான் அரசாங்கத்தின் பல கைகளும் ஒன்றோடொன்று இசைந்து நிறைவேற்றத் தவறின. 1990களின் நடுவில், பழங்குடியினர் முன்னேற்றத் திட்டத்தின் உதவியோடு 50 காணிக் குடும்பங்கள், தங்கள் குடியிருப்புகளின் அருகே ஆரோக்கியப்பச்சையைப் பயிரிடத் தொடங்கின. நட்டு வளர்க்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறு தொகையும் கிடைத்தது. வேரைத் தொடாமல் இலையை மட்டும் அறுத்தால் அதே செடி திரும்பத் துளிர்க்கும். ஆகவே ஒழுங்காக நடந்தால் காட்டுக்குச் சேதமில்லாமல் வருஷந்தோறும் வருமானம் வரக்கூடிய ஏற்பாடு அது. ஆனால் செடியின் புகழ் பரவியதும், காணிகள் எதற்காக அதை மறைத்து வைத்தார்களோ அந்த அச்சம் உண்மையாயிற்று. வெளியிலிருந்து வந்த வியாபாரிகளின் தூண்டுதலால் காட்டுச் செடிகள் வேரோடு பறிக்கப்பட்டன. வனத்துறை விழித்துக்கொண்டு, காப்புக்காட்டிலிருந்து இலை எடுப்பதைத் தடுத்தது. பயிரிட்டதையும் காட்டில் பறித்ததையும் பிரித்தறிய இயலாது என்று கூறிச் சாகுபடிக்கும் அநுமதி மறுத்தது. வனத்துறையின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. காப்பது அதன் கடமை. எனினும், நூற்றாண்டுகளாக அச்செடியை அழியாமல் காத்தவர்களையும் ஒரே பருவத்தில் வேரோடு பிடுங்கியவர்களையும் ஒரே விதியால் தடுத்தது நியாயமாகுமா? இலை வரத்து குறைந்தது. மருந்து உற்பத்தி தடைப்பட்டது. ஏழாண்டு உரிமம் முடிந்த பின் அந்த முயற்சி பழைய வேகத்தைப் பெறவேயில்லை.

இடையில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே தன் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அந்நாட்டில் பெயரையோ மருந்தையோ பாதுகாத்துப் பதிவு செய்யும் முன்யோசனை நம்மவர்க்கு இருந்திருக்கவில்லை. சொந்த வீட்டுப் பெயர்ப்பலகையை அயலான் மாட்டிக்கொள்ள இடங்கொடுத்தது போலாயிற்று நம் நிலை.

காணிகளுக்குள்ளேயும் எல்லாரும் இந்த ஏற்பாட்டை ஒருமனதாக ஏற்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது உண்மைக்கு மாறாகும். 1995இல் பிலாத்திகளில் சிலர் சேர்ந்து, தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை ஆக்ஷேபித்து முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். வழிகாட்டிகளாகச் சென்ற இளைஞர்கள் காட்டிக்கொடுத்த ரகசியம் அவர்களுடைய தனிச்சொத்தா, சமுதாயத்தின் பொதுச்சொத்தா, அல்லது அதைப் பேணிவந்த பிலாத்திகளின் பொறுப்பிலுள்ளதா? ஆராய்ச்சி நிலையம் நல்லெண்ணத்தோடு நடந்தது. ஆனால் அது முதலில் யாருடைய சம்மதத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி அந்த நல்லெண்ணத்தால் மறைந்துவிடவில்லை. ஒரு சமுதாயத்தில் யார் பேசக் கேட்கிறோமோ அவரையே அதன் பிரதிநிதி என்று கொண்டுவிடும் பழக்கம் கற்றவர்களிடம் உண்டு.

பிலாத்திகளின் ஞானம் எத்தகையது என்பதைக் கல்லாற்றுக் காட்டில் வாழ்ந்து வைத்தியம் செய்த லட்சுமிக்குட்டி அம்மாவின் சரித்திரத்தால் ஓரளவு ஊகிக்கலாம். பொன்முடி ஏற்றத்தின் அடிவாரக் காட்டில், ஓலை வேய்ந்த குடிசையில், மகப்பேறு பார்த்துவந்த தாயிடம் மருந்துகளைக் கற்ற அந்த அம்மையார், 500 மூலிகை மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே தயாரிக்க வல்லவர் என்று புகழ் பெற்றார். பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் மருந்து நாடித் தூரத்து ஊர்களிலிருந்தும் மக்கள் அவரைத் தேடி வந்தனர். 1995இல் கேரள அரசு நாட்டு வைத்திய ரத்னம் என்று சிறப்பித்தது. 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதுகள் அவருக்குப் பெருமை சேர்த்தனவோ இல்லையோ, எழுதப்படாத வைத்தியமும் வைத்தியமே என்று தேசத்தை ஒப்புக்கொள்ளச் செய்தன.

எழுதப்படாத அந்த அறிவைப் பற்றிய சட்டங்களின் போக்கே இன்று காணிகளின் நிலையைச் சங்கடத்துக்குள்ளாக்கியிருக்கிறது. 2002இல் நிறைவேறிய பல்லுயிர்ச் சட்டமும், அதன்படி 2003இல் சென்னையில் அமைந்த தேசிய ஆணையமும், பலனைப் பகிரும் கடமையைச் சட்டமாக்கின. அவற்றுக்கு முன்னுதாரணமாக அறிஞர்கள் சுட்டியதில் காணிகளின் ஏற்பாடு முக்கியமானது. 2006இன் வன உரிமைச் சட்டம், மரபறிவின்மேல் சமுதாயத்துக்குள்ள உரிமையை வெளிப்படையாகவே அங்கீகரித்தது. 2010இல் ஜப்பானின் நகோயாவில் அதே நோக்கத்தோடு உலக உடன்பாடு ஒன்றும் எழுந்தது. ஆனால் 2023இல் பல்லுயிர்ச் சட்டத்துக்குச் செய்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிற உள்நாட்டு நிறுவனங்களுக்கும், பயிரிட்ட மூலிகைகளுக்கும் அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஆயுர்வேத, சித்த வைத்தியர்களின் சிரமத்தைக் குறைப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குறைகாண நான் விரும்பவில்லை. ஆனால் பயிரிட்ட செடிக்குப் பங்கு வேண்டாம் என்னும் விதி, ஆரோக்கியப்பச்சை போன்ற ஒன்றின் விஷயத்தில் எங்கே கொண்டுபோய் விடும்? காட்டோரத்துத் தனியார் தோட்ட நிழலில் ஒருவர் அதைப் பயிரிட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், அதன் குணத்தை உலகுக்குச் சொன்னவர்களுக்கு ஒரு காசும் சேர வேண்டியதில்லை என்றாகிவிடும். காப்புக்காட்டுக்குள் வாழும் காணியோ அதைப் பயிரிட வனத்துறையின் அநுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் வேறொரு சம்பந்தமும் உண்டு. அகத்தியர் மலையின் மேற்குச் சரிவு கேரளம், கிழக்குச் சரிவு தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தபோது, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி முதலிய இடங்களின் காணிகள் ஒரு மாநிலத்திலும் கோட்டூர், விதுரா முதலிய இடங்களின் காணிகள் வேறொரு மாநிலத்திலும் ஆயினர். பாபநாச மலையில் காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி ஆகிய குடியிருப்புகளிலும் காணிகளே வாழ்கிறார்கள். ஆரோக்கியப்பச்சை நெல்லை மலைகளிலும் வளர்கிறது. அறக்கட்டளையோ கேரளக் காணிகளுக்கென்று பதிவானது. ஜீவனியின் பங்கில் கிழக்குச் சரிவுக் காணிகளுக்கு இடமில்லை. நெல்லைச் சீமையில் புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிவிட்ட அவர்களுடைய குடியிருப்புகளில், அந்தச் செடி பற்றிய பேச்சுக்கு இன்னும் நடைமுறையில் ஒரு வாசல் திறக்கவில்லை.

மீண்டும் ஒரு நிறுவனம் அந்த இலையைத் தேடி வரும். களைப்பைப் போக்கும் மருந்துக்கு உலகில் என்றும் கிராக்கி உண்டு. அப்போது எழுதப்படும் உரிமத்தில் பிலாத்திகளும் மூட்டுக்காணிகளும் சம்மதம் தெரிவித்த பின்னரே மற்றவர்கள் கையெழுத்திட வேண்டும். மருந்தின் பெயர் காணிகளின் பெயரிலேயே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பதிவாக வேண்டும். காட்டுக்குள் நிழற்பயிராக வளர்க்கும் உரிமையை, வேரைத் தொடாமல் இலை மட்டும் அறுக்கும் கட்டுப்பாட்டோடு, வனத்துறை எழுத்துமூலம் வழங்க வேண்டும். கேரளத்தின் பல்லுயிர் வாரியமும் தமிழ்நாட்டின் பல்லுயிர் வாரியமும் சென்னை ஆணையத்தின் முன் ஒன்றாக அமர்ந்து, மலையின் இரு சரிவுகளிலுமுள்ள காணிகளை ஒரே சமுதாயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டங்களின் கீழேயே, இரண்டு அரசாங்கங்களும் மனம் வைத்தால், இவ்வருஷமே தொடங்கிவிடலாம்.